ஜார்ஜ் லூயிஸின் கிளாரினெட்: காதை எங்கே வைப்பது?

கேள்வி இது: "டிக்ஸிலாண்ட் எனப்படும் பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸில் கிளாரினெட் கலைஞர் ஜார்ஜ் லூயிஸின் பெயரைப் பலரும் சொல்கிறார்கள். அவருடைய 1940களின் பதிவுகள் சிலவற்றைக் கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். கிளாரினெட் பல இடங்களில் சுருதி விலகுகிறது. ஒலிப்பதிவோ கரகரவென்று இருக்கிறது. ஸ்விங் காலத்து கிளாரினெட் நட்சத்திரம் பென்னி குட்மனிடம் கிடைக்கும் துல்லியம் துளியும் இல்லை. இதில் ரசிக்க என்ன இருக்கிறது? எதிலிருந்து தொடங்க வேண்டும்?"

நீங்கள் சொன்ன குறைகளில் எதையும் மறுக்கப் போவதில்லை. கரகரப்பு உண்டு, சுருதி விலகல் உண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்பதும் உண்டு. ஆனால் குறைப்பட்டியலில் முதலாவதாகப் போட்டிருக்கிறீர்களே, அதுதான் இந்த இசையின் உயிர். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குட்மனைக் கேட்டுப் பழகிய காது, கிளாரினெட்காரர் எழுந்து முன்னால் வரும் தருணத்துக்காகக் காத்திருக்கும். அதுவரை நடப்பதெல்லாம் அதற்கு முன்னுரை மாதிரிதான். லூயிஸின் பதிவுகளில் அப்படிக் காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். தனி வாசிப்பு வரும், நன்றாகவும் இருக்கும். ஆனால் அவருடைய மிகச் சிறந்த வாசிப்பு, டிரம்பெட் மெட்டைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. நீங்கள் பின்னணி என்று ஒதுக்கிய இடத்தில் அவர் குடித்தனமே நடத்துகிறார்.

நியூ ஆர்லியன்ஸ் குழுவில் வேலைப் பங்கீடு கறாரானது. மெட்டு டிரம்பெட்டுக்கு உரியது; அது பெரிதாக அலங்கரிக்காது, ஏனென்றால் மற்ற இருவரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மெட்டின் ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும் சந்தில் டிராம்போன் கீழிருந்து வழுக்கிக்கொண்டு ஏறி வரும். கிளாரினெட் இரண்டுக்கும் மேலே, அந்தந்த இடத்துக்குரிய கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அடிக்கு இரண்டு ஸ்வரம் என்ற கணக்கில் ஏறி இறங்கி ஓடும். பாஞ்சோ, பாஸ், டிரம்ஸ் மூன்றும் காலப்பிரமாணத்தைக் காக்கும். காகிதத்தில் எதுவும் எழுதி வைத்திருப்பதில்லை. லூயிஸுக்கு ஸ்வரக்குறிப்பு வாசிக்கவும் தெரியாது.

இந்த ஓட்டத்தில் லூயிஸ் செய்யும் காரியம் ஒன்று உண்டு. டிரம்பெட் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் சாதாரண வாசிப்பாளரும் நிறுத்திவிடுவார். மெட்டின் வரியோடு தன் வரியையும் முடித்துக்கொள்வார். லூயிஸ் அந்த இடத்தில்தான் முடிக்க மறுக்கிறார். அவருடைய வரி டிரம்பெட்டின் வரிக்கு நடுவில் தொடங்கி, அது முடிந்த பிறகும் தொடர்ந்து, அடுத்த வரிக்குள் நுழைந்து எங்கோ ஓரிடத்தில் இறங்குகிறது. இரண்டு வரிகளும் ஒன்றையொன்று இப்படித் தாண்டிப் போவதால் இசை எங்கும் துண்டுபடுவதில்லை. கூட்டமாக வாசிப்பது முதலில் இரைச்சலாகத் தோன்றுவதும், பழகிய பிறகு அடங்காத உற்சாகமாகத் தோன்றுவதும் இதே காரணத்தால்தான்.

சோதித்துப் பார்க்க 'கிளைமாக்ஸ் ராக்' என்ற பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் ஸ்காட் 1914இல் வெளியிட்ட பியானோ ராக்டைம் அது. 1943 மே மாதம் நியூ ஆர்லியன்ஸில் லூயிஸின் குழு அதை வாசித்துப் பதிவு செய்தது. டிரம்பெட் கிட் ஹோவர்ட், டிராம்போன் ஜிம் ராபின்சன், பாஞ்சோ லாரன்ஸ் மரேரோ, பாஸ் செஸ்டர் ஸார்டிஸ், டிரம்ஸ் எட்கர் மோஸ்லி. புளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் இந்தப் பதிவுகளுக்கென்றே தனி முத்திரை (லேபிள்) ஒன்றைத் தொடங்கி, அதற்குக் கிளைமாக்ஸ் என்றே பெயரும் வைத்தது.

முதல் தடவை மரேரோவின் பாஞ்சோவை மட்டும் கேளுங்கள். நான்கு அடி, ஒரே கனம், கொஞ்சமும் அலங்காரமில்லை. அது காதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக இடம் பிடித்துக்கொள்ளும். அடுத்த தடவை ராபின்சனின் டிராம்போனுக்குப் போங்கள். மனிதர் பெரும்பாலான நேரம் சும்மா இருப்பது போலத்தான் தெரியும், ஆனால் அவர் விழும் இடங்களைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு கிளாரினெட். அப்போது எங்கே மேலே பறக்கிறது, எங்கே டிரம்பெட்டுக்கு வழிவிட்டுக் கீழே வருகிறது, கடைசிச் சுற்றில் எப்படி எல்லோருக்கும் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். பதிவின் கரகரப்பைப் பற்றி அந்த நேரத்தில் உங்களுக்கு நினைவே வராது.

அடுத்தது நாதம். லூயிஸை விரும்புபவர்களில் பாதிப் பேர் அவருடைய நாதத்துக்காகவே விரும்புகிறார்கள். வெறுப்பவர்களும் அதனாலேயே வெறுக்கிறார்கள். கிளாரினெட்டின் கட்டமைப்பு இதில் முக்கியம். புல்லாங்குழலில் ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு ஊதலை அழுத்தினால் மேல் ஸட்ஜம் பேசும். கிளாரினெட் அப்படி இல்லை. ஒரு முனை மூடியதுபோல் செயல்படும் நேர்க்குழாய் அது. ஆகவே ஒரு ஸ்தாயியோடு நிற்காமல் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவிவிடும். இதன் விளைவாகக் கீழ்ப்பகுதிக்கும் மேல்பகுதிக்கும் முற்றிலும் வேறு குரல்கள் அமைகின்றன. கீழே கருமையான, மரத்தன்மை கொண்ட குரல். மேலே கூர்மையான வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் வலுவில்லாத சில ஸ்வரங்கள். செவ்வியல் பயிற்சி பெற்றவர்கள் இந்த மூன்றையும் ஒரே குரலாகக் காட்டுவதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். லூயிஸ் அந்த முயற்சியில் இறங்கவே இல்லை. கீழே ஒருவர், மேலே ஒருவர் என்று இரண்டு பேர் பேசிக்கொள்வது போலத்தான் வாசித்தார். கூடவே அகலமான அசைவு ஒன்றும் உண்டு. நீளமாகப் பிடிக்கும் எந்த ஸ்வரமும் அவரிடம் நேராக நிற்காது. ஊசிமுனை போல் நேரான நாதத்தை விரும்புபவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். எனக்கு அந்த அசைவு இல்லாத லூயிஸைக் கற்பனை செய்யக்கூட முடியவில்லை.

அவர் வைத்திருந்தது ஆல்பர்ட் முறை கிளாரினெட், அதாவது இன்று பரவலாக இருக்கும் பெம் முறையிலிருந்து வேறுபட்ட, பழைய பாணி விசை அமைப்பு. ஜானி டாட்ஸ், ஜிம்மி நூன் உள்ளிட்ட நியூ ஆர்லியன்ஸின் மூத்த தலைமுறையினர் பலரும் அதைத்தான் வாசித்தார்கள். சில விரல் நகர்வுகள் அதில் சிரமம். ஆனால் நாதம் திறந்து பெரிதாக வரும் என்று அதை வாசிப்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

சுருதி விஷயத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். புளூஸ் இசையில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் தொட்டு, அங்கிருந்து வளைந்து போகும். நிஷாதமும் அப்படியே. லூயிஸ் இந்த ஸ்வரங்களைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு வருகிறார். இது பிழை அன்று. கமகத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இன்னொரு வகை விலகல் உண்மையிலேயே விலகல்தான். 1950களின் பதிவுகளில் குழுவோடு ஆல்டன் பர்னெலின் பியானோ சேர்ந்துகொள்கிறது. பியானோ வளையாது, அன்றைய விடுதிகளில் கிடந்த பியானோக்கள் எப்படிப்பட்டவை என்பதும் தெரிந்ததே. அவற்றோடு கிளாரினெட் உரசும் இடங்கள் இருக்கின்றன. அவற்றையும் மேதைமை என்று விளக்கும் தீவிர ரசிகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. பியானோ இல்லாத பதிவுகளை முதலில் கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஒலிப்பதிவின் கரகரப்புக்கு ஒரு கதை உண்டு. கேட்டால் மனம் கொஞ்சம் இளகும்.

லூயிஸ் 1900 ஜூலை 13 அன்று நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அவருடைய ஊரின் பெரிய பெயர்களான கிங் ஆலிவர், லூயி ஆம்ஸ்ட்ராங், டாட்ஸ் சகோதரர்கள் எல்லோரும் சிகாகோவுக்குக் கிளம்பிப்போய், அங்கே 1920களில் இசைத்தட்டுகளால் புகழ்பெற்றார்கள். லூயிஸ் ஊரிலேயே இருந்துவிட்டார். பொருளாதார மந்தம் வந்தது, பெரிய ஸ்விங் குழுக்களின் காலம் வந்தது. பழைய பாணிக்கு வேலை இல்லை. பகலில் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கூலி, இரவில் எங்காவது ஒரு நடன விடுதி. நாற்பது வயது வரை அவருடைய வாழ்க்கை இதுதான். அப்போது ஒருவேளை அவர் இறந்திருந்தால் நாம் கேட்பதற்கு ஒரு தட்டுகூட இருந்திருக்காது.

1942இல் ஜாஸின் தோற்றத்தைத் தேடிப்போன சில ஆர்வலர்கள் பங்க் ஜான்சன் என்ற மூத்த டிரம்பெட்காரரைப் பதிவு செய்ய நியூ ஆர்லியன்ஸ் வந்தார்கள். பங்க் பல்லெல்லாம் விழுந்து, வாசிப்பையே விட்டுவிட்டு லூசியானா கிராமப்புறத்தில் கிடந்தவர். புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷேயின் அண்ணன் லியோனார்ட் பெஷே பல் மருத்துவர். பங்குக்குப் பொய்ப்பல் கட்டியவர் அவரே. ஒரு காலத்தில் டிரம்பெட்காரர் எவன் தாமஸின் குழுவில் தன்னோடு வாசித்த கிளாரினெட்காரர் லூயிஸ் பங்கின் நினைவுக்கு வந்தார். அந்தக் குழுவின் முடிவு பயங்கரமானது: 1930களின் தொடக்கத்தில் லூசியானாவின் ரெய்ன் என்ற ஊரில், மேடையிலேயே எவன் தாமஸ் குத்திக் கொல்லப்பட்டார். அதோடு சிதறிப்போனவர்களில் இருவர்தான் பங்கும் லூயிஸும்.

தேடி வந்தவர்களில் பில் ரசலை மறக்கக்கூடாது. வயலின் பயின்றவர், 1930களில் தாளவாத்தியங்களுக்கு மட்டும் நவீன இசை எழுதியவர், நவீன இசையின் முன்னோடி ஜான் கேஜ் மதித்த இசையமைப்பாளர். நியூ ஆர்லியன்ஸ் இசையில் விழுந்த பிறகு தானே இசை எழுதுவதை ஏறக்குறைய விட்டேவிட்டார். தூக்கிக்கொண்டு போகக்கூடிய தட்டுச் செதுக்கும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, அமெரிக்கன் மியூசிக் என்ற சிறிய முத்திரையைத் தனி ஆளாக நடத்தினார். 1944 கோடையில் சான் ஜெசின்டோ ஹால் என்ற மரக்கூடத்தில் பங்க், லூயிஸ், ராபின்சன், மரேரோ, பாஸ் வாசித்த 'ஸ்லோ டிராக்' பவஜோ, டிரம்ஸில் பேபி டாட்ஸ் ஆகியோரை உட்கார வைத்துப் பதிவு செய்தார். ஒலிப்பதிவு நிலையத்தின் அடக்கம் அதில் கிடையாது. நடனக் கூடத்தின் எதிரொலி, காலால் தட்டும் சத்தம், டிரம்ஸின் மர விளிம்பு, எல்லாம் சேர்ந்தே வருகின்றன. என்னைக் கேட்டால் அந்தக் கூடமும் ஒரு வாத்தியம்தான். சுத்தப்படுத்துகிறேன் என்று மேல்ஸ்தாயியை வெட்டி எடுத்த சில மறுபதிப்புகள் உண்டு. அவற்றில் கரகரப்போடு சேர்ந்து கிளாரினெட்டின் பாதி உயிரும் போய்விடுகிறது. சத்தம் இருக்கும் பதிப்பையே தேடுங்கள்.

பங்கோடு வாசித்த இந்தப் பதிவுகளில் ஒரு விசேஷம் இருக்கிறது. பங்க் மெட்டை முழுதாகச் சொல்ல மாட்டார். பாதி சொல்லி, பாதியை விட்டுவிடுவார். அப்படி விட்ட இடமெல்லாம் லூயிஸுக்கு. கிட் ஹோவர்டைப் போல முழு மூச்சோடு ஊதும் டிரம்பெட்காரர்களோடு வாசிக்கும்போது லூயிஸ் மேலே ஏறித் தப்பிக்கிறார். பங்கோடு வாசிக்கும்போது அதே உயரத்தில் நின்று உரையாடுகிறார். இத்தனைக்கும் இருவருக்கும் ஒத்துப்போனதாகச் சொல்ல முடியாது. பங்க் குடிப்பார், சண்டை போடுவார், இந்தக் குழுவைத் தன் தகுதிக்குக் குறைவானதாகவே நினைத்தார். 1945 செப்டம்பரில் இதே குழு நியூயார்க்கின் ஸ்டைவஸன்ட் கசினோவில் வாசிக்கத் தொடங்கியது. அதே நகரத்தில் அதே மாதங்களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஜாஸை வேறு திசைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். எது உண்மையான ஜாஸ் என்று அப்போது பத்திரிகைகளில் நடந்த சண்டையை இன்று படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. இரண்டையும் ரசிக்க யார் தடை போட்டார்கள்? 1946இல் கூட்டணி உடைந்தது. லூயிஸ் ஊர் திரும்பினார்.

இப்போது 'பர்கண்டி ஸ்ட்ரீட் புளூஸ்'. லூயிஸின் ஒரே ஒரு பதிவைத்தான் கேட்பேன் என்று நீங்கள் அடம்பிடித்தால் இதைத்தான் கொடுப்பேன். 1944இல் துறைமுகத்தில் கனமான சரக்கு ஒன்று மோதி அவருடைய மார்பு நசுங்கும் அளவுக்கு விபத்து. செயின்ட் பிலிப் தெருவில் இருந்த வீட்டில் படுத்துக் கிடந்தார். மரேரோ பாஞ்சோவையும் பவஜோ பெரிய பாஸையும் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்கள். ரசல் பதிவுக் கருவியோடு வந்தார். மார்பில் அடிபட்ட ஒருவர் ஊதிய இசை என்பதை அறியாமலேயே கேட்டாலும் இது உலுக்கும். அறிந்த பிறகு, ஒவ்வொரு வரிக்கும் அவர் எவ்வளவு மூச்சு வைத்திருக்கிறார் என்று காது தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

அமைப்பு மிக எளிது: பன்னிரண்டு அளவு (நான்கு அடி கொண்ட தாளப் பகுதி) கொண்ட புளூஸ் சுற்று, மெதுவான நடை, மீண்டும் மீண்டும். டிரம்பெட்டும் இல்லை, டிரம்ஸும் இல்லை. புளூஸ் பாட்டில் ஒரு வரியைச் சொல்லி, அதையே திருப்பிச் சொல்லி, மூன்றாவது வரியில் பதில் சொல்வார்கள். அதே வடிவம்தான் இங்கே கிளாரினெட்டில். திருப்பிச் சொல்லும்போது லூயிஸ் என்ன மாற்றுகிறார் என்பதைக் கவனியுங்கள். ஸ்வரங்களை அதிகம் மாற்றுவதில்லை. ஒரு ஸ்வரத்துக்கு வந்து சேரும் வழியை மாற்றுகிறார். முதல்முறை நேராக வந்ததை இரண்டாம் முறை கீழிருந்து இழுத்து வருகிறார். நீளமாகப் பிடித்ததை இப்போது உடைத்து ஓடவிடுகிறார். கீழ்ப்பகுதிக்கு இறங்கும்போது குரலே மாறிவிடுகிறது. மரேரோ இதற்கெல்லாம் அசைந்துகொடுப்பதில்லை. முதல் சுற்றில் அடித்த நான்கு அடியைத்தான் கடைசிச் சுற்றிலும் அடிக்கிறார். அந்தப் பிடிவாதம் கீழே இருப்பதால்தான் மேலே இவ்வளவு தளர்வு சாத்தியமாகிறது.

இந்த இசையை லூயிஸ் வாழ்நாள் முழுவதும் வாசித்தார், ரசிகர்களும் விடவில்லை. பிற்காலப் பதிவுகளில் அது ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்ட உருப்படியாக ஒலிக்கிறது. அழகாகத்தான் இருக்கும், இருந்தாலும் 1944ஐ முதலில் கேட்காமல் அவற்றுக்குப் போக வேண்டாம். இதற்கு நேர் எதிரான முகத்தைப் பார்க்க 'செயின்ட் பிலிப் ஸ்ட்ரீட் பிரேக்டவுன்' இருக்கிறது. அதே புளூஸ் வடிவம்தான், ஆனால் தலைதெறிக்கும் வேகம். லூயிஸுக்கு விரல் ஓடாது, அதனால்தான் எளிமையாக வாசிக்கிறார் என்று சொல்பவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டலாம். 'ஓவர் தி வேவ்ஸ்' இன்னொன்று. மெக்சிகோவின் ஹுவென்டினோ ரோசாஸ் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய வால்ட்ஸ், அதாவது மூன்று அடி நடன இசை அது. சர்க்கஸ் கூடாரங்களில் ஓயாமல் ஒலித்த மெட்டு. லூயிஸ் அதை நான்கு அடி நடைக்கு மாற்றிக்கொண்டு கிளாரினெட்டால் அலசுகிறார்.

'ஹை சொசைட்டி'யைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்ட்டர் ஸ்டீல் எழுதிய அணிவகுப்பு இசை. அதில் பிக்கலோவுக்கு (சிறு புல்லாங்குழலுக்கு) எழுதிய பகுதியை நியூ ஆர்லியன்ஸ் கிளாரினெட்காரர் அல்ஃபோன்ஸ் பிக்கூ கிளாரினெட்டுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து அதை வாசித்துக் காட்டாத ஆளை நியூ ஆர்லியன்ஸில் கிளாரினெட்காரர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரே பகுதியைப் பத்துப் பேர் வாசித்த பதிவுகள் கிடைப்பதால் ஒப்பிட்டுக் கேட்க வசதி. லூயிஸ் அதில் முதல் மதிப்பெண் வாங்குபவர் அல்லர். துல்லியமாக வாசிப்பவர்கள் வேறு பலர் உண்டு. ஆனாலும் இரண்டே அளவுகளில் இது யாரென்று தெரிந்துவிடும்.

பக்திப் பாடல்களைத் தவறவிடாதீர்கள். நியூ ஆர்லியன்ஸில் இறுதி ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக் குழு கல்லறை வரை சோக இசையையும் தேவாலயப் பாடல்களையும் மெதுவாக வாசித்துப்போகும். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே குழு ஆட்டம் போட வைக்கும் இசைக்கு மாறிவிடும். லூயிஸ் இந்த ஊர்வலங்களில் வாசித்து வளர்ந்தவர். 1943 பதிவுகளில் உள்ள 'ஜஸ்ட் எ குளோஸர் வாக் வித் தீ' இதற்குச் சரியான அறிமுகம். 1951இல் யுரேகா பிராஸ் பேண்ட் வாசித்த ஊர்வல இசைப் பதிவில் லூயிஸ் சிறிய ஈ-ஃப்ளாட் கிளாரினெட்டோடு இருக்கிறார். அந்தச் சிறு வாத்தியத்தின் கூரிய குரல், டிரம்பெட்டுகளும் சாக்ஸபோன்களும் டியூபாவும் சேர்ந்த கனத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்தச் சோக இசையில் எல்லோருடைய சுருதியும் லேசாகப் பிசகித்தான் இருக்கும். அதைத் திருத்தினால் துக்கம் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்; இதை வாதமாக வைக்கவில்லை, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

1950இல் 'லுக்' பத்திரிகை நியூ ஆர்லியன்ஸ் இசை பற்றிப் படக்கட்டுரை வெளியிட்டது. அதில் லூயிஸைப் படம் எடுத்த இளைஞர் பின்னாளில் திரைப்பட இயக்குநரான ஸ்டான்லி குப்ரிக். அதற்குப் பிறகு லூயிஸுக்கு வெளியூர் அழைப்புகள் வரத் தொடங்கின. கிட் ஹோவர்ட், ராபின்சன், பர்னெல், மரேரோ, பவஜோ, டிரம்ஸும் பாட்டுமாக ஜோ வாட்கின்ஸ் என்ற இந்தக் குழுதான் 1950களில் நிலைத்தது. ஒலித்தரம் உங்களுக்கு உறுத்துகிறது என்றால் இங்கிருந்து தொடங்குவதிலும் தவறில்லை. 1954இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில், தேவாலயத்துக்குள்ளேயே வாசித்துப் பதிவான 'ஜாஸ் அட் வெஸ்பர்ஸ்' நன்றாகக் கேட்கக்கூடிய தட்டு. அதே ஆண்டு ஒஹையோவில் பல்கலைக்கழக மாணவர்கள் முன்னால் நடந்த கச்சேரிப் பதிவில் குழு உச்சத்தில் இருக்கிறது. அங்கே 'ஐஸ் கிரீம்' வரும்போது ராபின்சனின் டிராம்போனுக்கு எழும் ஆரவாரத்தைக் கேளுங்கள். இந்தப் பாட்டை லூயிஸும் ராபின்சனும் 1944லேயே பதிவு செய்திருந்தார்கள். பிரிட்டனில் கிறிஸ் பார்பரின் குழு அதை எடுத்து வாசித்து, ஐரோப்பா முழுவதும் பழைய பாணிக் குழுக்களின் கட்டாய உருப்படியாக்கிவிட்டது.

பிரிட்டன் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கென் காலியர் என்ற டிரம்பெட்காரர் இந்த இசையைப் பிறந்த இடத்தில் கேட்பதற்கென்றே வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தார். லூயிஸின் குழுவோடு அமர்ந்து வாசித்தார். அனுமதிக் காலம் தாண்டித் தங்கியதால் சிறைக்குப் போய், நாடு கடத்தவும் பட்டார். 1957இல் லூயிஸ் பிரிட்டனுக்கு வந்தபோது காலியரின் குழுவோடுதான் ஊர் ஊராகப் போய் வாசித்தார். காலியரிடம் முன்பு வாசித்த அக்கர் பில்க்கின் 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி ஷோர்' 1962இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கீழ்ப்பகுதியின் கருமை, அகலமான அசைவு எல்லாம் எங்கிருந்து வந்தன என்று லூயிஸைக் கேட்டவர்களுக்குத் தெரியும். சர்க்கரை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். திரைப்பட இயக்குநர் வுடி ஆலனும் ஆல்பர்ட் முறை கிளாரினெட்டில் லூயிஸின் வழியையே பின்பற்றுபவர்.

1961இல் நியூ ஆர்லியன்ஸின் செயின்ட் பீட்டர் தெருவில் பிரிசர்வேஷன் ஹால் தொடங்கியபோது லூயிஸ் அங்கே தவறாமல் வாசித்தார். 1963 முதல் 1965 வரை மூன்று முறை ஜப்பான் போய்ப் பெருங்கூட்டத்துக்கு வாசித்தார். 1968 டிசம்பர் 31 அன்று காலமானார். இந்தக் கடைசிப் பத்தாண்டில் பதிவுகள் எக்கச்சக்கம். யார் கேட்டாலும் வாசித்திருக்கிறார், அதே இருபது முப்பது பாட்டுகளை. மூச்சு குறைந்துவிட்டதும் தெரிகிறது. எல்லாவற்றையும் சேகரிக்கும் ஆசை வந்தால் வரட்டும். வராவிட்டால் குடி முழுகிப்போகாது. ஜப்பான் பதிவுகளில் ஒன்றை மட்டும், அதுவும் அந்தக் கூட்டத்தின் உற்சாகத்துக்காகவே, வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே வரிசை கேட்டீர்கள் என்றால்: முதலில் 1944இன் 'பர்கண்டி ஸ்ட்ரீட் புளூஸ்', பிறகு 1943 மே மாதப் பதிவுகள் முழுவதும், அப்புறம் சான் ஜெசின்டோ ஹாலில் பங்கோடு வாசித்தவை, அதன்பின் 1954 கச்சேரி. ஒரே மூச்சில் ஒரு தொகுப்பு முழுவதையும் ஓடவிடாதீர்கள். இவையெல்லாம் மூன்று நான்கு நிமிடத் தட்டுகளாகக் கேட்பதற்கு உருவானவை, வரிசையாக இருபது கேட்டால் யாருக்கும் சலிக்கும். இரண்டைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். காதுக்குள் பொருத்தும் கருவியைவிட அறையில் ஒலிக்கும் சாதாரண ஒலிபெருக்கி இதற்குப் பொருத்தம். கரகரப்பு அறையில் கரைந்துவிடும், கிளாரினெட் கரையாது. லூயிஸ் பிடித்துப்போன பிறகு ஜானி டாட்ஸுக்குப் போங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் பதிவுகளில் இருப்பவர் அவர்தான். லூயிஸைவிடக் கரடுமுரடானவர், புளூஸில் இன்னும் ஆழமானவர். அவரையும் சுருதிக்காகக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.